ஆடிக் காற்றில் ஆரியங்காவு

தேவதானத்தில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். "மலை தெரியும்" என்று சொன்னால் போதாது. மலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றே சொல்லவேண்டும். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே தென்காசிப் பக்கம் வரையில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு கோட்டை மதிலைப் போல் நெடுக நிற்கிறது. காலையில் நீலம், நடுப்பகலில் பச்சை, மாலையில் கருமை என்று வர்ணம் மாறுமே தவிர, மதில் மட்டும் அசையாது.

ஆனால் பாருங்கள், இவ்வளவு பெரிய மதிலில் ஏறிச் செல்ல இந்தப் பக்கத்தில் ஒரு ரஸ்தா கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு ஒரு சாலை போகிறது. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்கு ஒரு சாலை. தேவதானத்திலிருந்து சாஸ்தா கோயில் அணைக்கு ஒரு சாலை. மூன்றும் மலையை நோக்கி வெகு ஆவலுடன் ஓடுகின்றன. அடிவாரத்தை அடைந்ததும், பெரியவர்களைக் கண்ட சிறு பிள்ளைகளைப் போலச் சட்டென்று நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் காடு. 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்காக அங்கே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. யானையும் புலியும் குடியிருக்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை?

உட்கார்ந்த உத்தியோகத்தில் இருபத்தைந்து வருஷம் கழித்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இது மிகத் திருப்திகரமான ஏற்பாடு. மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஏறவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. இந்தத் திருப்தியைச் சென்ற ஆடி மாதத்தில் குலைத்தவள் அக்காளின் மகள்.

அவள் பட்டப் படிப்பு முடித்துவிட்டு ராஜபாளையத்தில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறாள். தேவதானத்திலிருந்து ராஜபாளையம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, ஆனாலும் சைக்கிளில்தான் போகிறாள், வருகிறாள். சேமித்த சம்பளத்தில் பற்சக்கரங்கள் பல பூட்டிய வண்டி ஒன்று வாங்கியிருந்தாள். இதுவரை வீட்டில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு முடித்த சமயத்தில், ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு சைக்கிள் யாத்திரையில் சேரப்போவதாக அவள் அறிவித்தாள். அக்காள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

இந்த யாத்திரைக்குப் பிரெஞ்சு மொழியில் 'பிரெவே' என்று பெயர். இது பந்தயமன்று. முதலாவது வந்தவர், இரண்டாவது வந்தவர் என்ற கணக்கே கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்கவேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. வழியில் டயர் பஞ்சரானால் நாமே ஒட்டிக்கொள்ளவேண்டும். பசித்தால் நாமே வாங்கித் தின்னவேண்டும். கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள்; இடையிலுள்ள காவல் நிலைகளில் அதைக் காட்டி, இன்ன நேரத்துக்கு வந்தோம் என்று பதிந்துகொள்ளவேண்டும். ஒரே பருவத்தில் இந்த நான்கு தூரங்களையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டோனர்' என்று பட்டம் உண்டு. பணமுடிப்பு, தங்கப்பதக்கம் ஒன்றும் கிடையாது. பாரிஸ் நகரத்துச் சங்கம் ஒன்று வகுத்த விதிகளின்படி உலகமெங்கும் இது நடக்கிறது. நம் நாட்டிலும் பல ஊர்களில் நடக்கிறது.

இதற்கெல்லாம் மூலஸ்தானம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர்ப் பாதை. 1891-இல் ஒரு பத்திரிகைக்காரர் இதை முதன்முதலில் பந்தயமாக நடத்தினார். சார்ல் தெரோன் என்பவர் தூங்காமல் ஓட்டி 71 மணிச் சொச்சத்தில் ஜயித்தார். இப்போது பந்தயம் போய், நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, 90 மணிக்குள் முடிக்கவேண்டிய யாத்திரையாக நடக்கிறது. 2019-இல் நம் தேசத்திலிருந்து சில நூறு பேர் போனார்கள். பலரால் முடிக்க இயலவில்லை. அந்தப் பாதையில் பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் சிறு சிறு மேடுகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மேட்டுக்கு மேடு ஏறி இறங்கியதைக் கூட்டிப் பார்த்தால் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் மிஞ்சிவிடும். சமவெளியில் பழகிய கால்களுக்கு அதுதான் எமன்.

இவ்வளவையும் மருமகள் எடுத்துச் சொன்னாள். அக்காள் பிரான்ஸ் தேசத்துக்கெல்லாம் மசிகிறவள் அல்லள். "பொம்பளைப் பிள்ளை விடியுமுன்னே போய் இருட்டினபின் வருவதா?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிட்டாள்.

நான் குறுக்கே புகுந்தேன். 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றிவிட்டு 1928-இல் வீடு திரும்பிய மூன்று பார்ஸி இளைஞர்களின் கதையைச் சொன்னேன்.

"அவர்கள் ஆண்பிள்ளைகள்" என்றாள் அக்காள்.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-இல் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததையும், கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்காரப் பெண்களுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் சைக்கிள் ஓட்டப் பழகியதையும் சொன்னேன். இதற்கு அக்காள் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். மணிக்கு ஐம்பது பைசா வாடகைக்குச் சைக்கிள் எடுத்துப் பழகினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை பின்னாலேயே ஓடி வந்தவள் அக்காள். நான் விழுந்தால் தூக்குவாள்; வண்டி விழுந்தாலும் தூக்குவாள். ஒரு தடவைகூட அவள் அதில் ஏறவில்லை. ஏறு என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் அக்காள் ஒரு நிபந்தனை விதித்தாள். "முதலில் வீட்டிலிருந்தே 200 கிலோமீட்டர் போய்வரட்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். துணைக்கு மாமன் போகவேண்டும். மூன்றும் நடந்தால் அப்புறம் பார்க்கலாம்."

முதல் இரண்டு நிபந்தனைகளைக் கேட்டு மருமகள் தலையை ஆட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் என் வயிற்றைப் பார்த்தாள்.

* * *

மூன்று மாதம் பயிற்சி நடந்தது. சாஸ்தா கோயில் ரஸ்தாதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். தேவதானத்தை விட்டு மேற்கே திரும்பியதும் வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக இருக்கும். சாலை ஏறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காலுக்கு மட்டும் தெரியும். ஆளில்லாத அந்தச் சாலையில் விடியற்காலையில் போய், அணைக்கருகே திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, நாலு தடவை ஆனதும் மருமகள் "இன்னும் ஒன்று" என்பாள்.

ஏறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. நானும் வண்டியுமாக 85 கிலோ எடை. இதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். "இவ்வளவுதானா?" என்று நான் நினைத்தேன். இட்லி இரண்டுதான், ஆனால் அதை மூச்சு வாங்கி வாங்கிச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் பழைய கறுப்புச் சைக்கிளில் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 18 அடி ஓடும். மலை ஏறும்போது அதுவே பாரம். இந்தப் புது வண்டிகளில் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் ஒரு சுற்றுக்கு 7 அடிதான் போகும். காரியம் இலேசாகிவிடும், ஆனால் நடந்து போகிறவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

இந்தப் பயிற்சியையெல்லாம் திண்ணையிலிருந்து கவனித்து வந்தவர் அக்காளின் மாமனார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 28 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1936-இல் ராஜபாளையம் மில் ஏற்பட்டதிலிருந்து ஆலைகள் பெருகி, சுற்று வட்டாரத்துக் கிராமங்களின் பொழுதே ஆலைச் சங்கின்படி நடக்கத் தொடங்கியது. பெரியவரும் இரவு ஷிப்டானாலும் பகல் ஷிப்டானாலும் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வந்தவர். நாளுக்கு 30 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், 28 வருஷம். மருமகள் பென்சிலை எடுத்துப் பெருக்கினாள். இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்! பூமியை ஆறு தடவை சுற்றின தூரம்.

"தாத்தா! உங்களுக்கு எத்தனை பட்டம் கொடுக்கவேண்டும்!" என்றாள்.

பெரியவர், "வெறும் கையோடு போன நாளைக் கணக்குப் போடுகிறாய். அரிசி மூட்டையோடு வந்த நாளை எதிலே சேர்ப்பாய்?" என்றார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த உபதேசம் ஒன்றுதான். "தம்பி, மேடு ஒரு இடத்தில் முடிந்துவிடும். காற்று முடியாது. ஆடியில் தென்காசிப் பக்கம் போகிறீர்கள். காற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தலையைக் குனிந்து, அது விட்ட வேகத்தில் போங்கள்."

* * *

ஆடிப்பூரத் தேர் முடிந்த மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் வாசலில் நின்றோம். சோழன் பகைமையினால் பாண்டியனுக்கு நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்பியபோது அந்தத் தீங்கைத் தவிர்த்தவர் இந்தச் சுவாமி என்பது தல வரலாறு. அம்பிகை தவம் பெற்ற நாயகி. இந்தச் சீமையிலுள்ள பஞ்சபூத ஸ்தலங்கள் ஐந்தில் தேவதானம் ஆகாயத்துக்கு உரியது. மண்ணுக்குச் சங்கரன்கோயில், நீருக்குத் தாருகாபுரம், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர். காற்றுக்கு உரிய தென்மலை, நாங்கள் போகவேண்டிய சிவகிரிக்கு அருகில்தான் இருக்கிறது. இதை நான் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திட்டம் இதுதான்: முதலில் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று திரும்பி வந்து பலகாரம், பிறகு தெற்கே தென்காசி, செங்கோட்டை வழியாக மலைக் கணவாயைத் தாண்டி ஆரியங்காவு, அங்கிருந்து வீடு. மாலை ஐந்தரைக்குள் முடிக்கவேண்டும்.

இருட்டில் சேத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்தோம். ராஜபாளையத்தில் டீக்கடைகள் விழித்திருந்தன. இரவு ஷிப்டு முடிந்தவர்கள் கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 192 அடிக் கோபுரம் வானத்தில் ஒரு கரிய நிழலாக நின்றது. பதினொரு நிலைகளையும் எண்ணிப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. என் வீடு இருக்கும் தெரு முனையைக் கடந்தபோது என் வண்டி தானாகவே இடது பக்கம் திரும்பப் பார்த்தது. "மாமா!" என்று ஒரு குரல் வந்தது. நேரே ஓட்டினேன்.

ஆறரை மணிக்குத் தேவதானம் திரும்பினோம். அக்காள் இட்லி வைத்தாள். நான் ஆறு தின்றேன். அதாவது முந்நூறு மீட்டர் உயரத்துக்கு. "போதும் என்றால் நின்றுவிடேன், தம்பி" என்று அக்காள் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சமயத்தில் அதைவிட இனிமையான வார்த்தை தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் நின்றால் நிற்பது நான் மட்டுமல்லவே!

ஏழு மணிக்குத் தெற்கே புறப்பட்டோம்.

சிவகிரி வரையில் மலை எங்களைக் காத்தது. மதிலின் நிழலில் காற்று அவ்வளவாக இல்லை. வாசுதேவநல்லூரை நெருங்கும்போது வலது கன்னத்தில் ஒரு தட்டு விழுந்தது. பக்கத்து நெற்கட்டுஞ்செவலிலிருந்துதான் பூலித்தேவர் 1755-இல் கர்னல் ஹெரானின் பீரங்கிப் படைக்குக் கப்பம் கட்ட மறுத்து நின்றார். அவரை நினைத்துக்கொண்டு நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பெரும் பிசகு. நிமிர்ந்த மார்பில் காற்று அறைந்ததில் வண்டி சாலை நடுவுக்குப் போய்விட்டது. கேரளத்துக்குப் போகும் லாரி ஒன்று ஊளையிட்டுக்கொண்டு உரசினாற்போல் தாண்டிற்று. பெரியவர் சொன்னதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் தலை நிமிரவில்லை.

இந்தக் காற்றின் ஜாதகம் இப்படி: அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்றை மலை தடுக்கிறது. மழையெல்லாம் மலையாளத்துப் பக்கம் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே மதில் தாழ்ந்து ஒரு வாசல் திறந்திருக்கிறது. தடைப்பட்ட காற்று முழுவதும், தேர் பார்க்கப் போன கூட்டம் சந்துக்குள் நுழைவதைப்போல, அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. இதை நம்பித்தான் தென்காசி, சுரண்டை வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைப் பின்னுக்குத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று சாஸ்திரம் சொல்கிறது. மலை ஏற வழியில்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு மலையைக் கீழே கொண்டுவந்து தருகிறது இந்த ஆடிக் காற்று. பிரெஸ்ட் போய்த் திரும்புகிறவர்கள் சந்திக்கும் மேடுகளாவது, ஏறினால் ஓர் இறக்கம் தரும். இதற்கு இறக்கமே இல்லை.

புளியங்குடியில் ஒரு கடை முன்னால் இறங்கினோம். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் போன ஊர் அது. உப்புப் போட்ட எலுமிச்சம்பழச் சாறு இரண்டு தம்ளர் குடித்தேன். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் காலில் நரம்பு இழுத்துக்கொள்ளும். மருமகள் தன் பையிலிருந்து கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"மாமா, இனிமேல் நீங்கள் என் பின்னாலேயே வாருங்கள். என் பின் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடம் விட்டால் போதும். காற்று உங்களுக்குத் தெரியாது."

எனக்கு ரோஷம் வந்தது. துணைக்கு வந்தவன் நான்! ஆனால் கடையநல்லூருக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ரோஷம் தீர்ந்துவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அந்த இடத்தில் உண்மையாகவே காற்று இல்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவருக்கு வேலையில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகிறது. அந்தக் கால் பங்கை அவள் எனக்குத் தானம் செய்துகொண்டு வந்தாள். அவளுடைய சிறிய முதுகையும், அதில் ஒட்டியிருந்த புழுதியையும் பார்த்துக்கொண்டே கடையநல்லூரையும் தாண்டினேன். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆகையால் அந்தப் பிரதேசத்து வர்ணனையை நேயர்கள் என்னிடம் எதிர்பார்க்கக்கூடாது.

தென்காசிக் கோபுரத்தைப் பத்தேகால் மணிக்குக் கண்டோம். அந்தக் கோபுர வாசலில் நுழைகிறவர்களைக் காற்று வந்து தழுவும் விந்தையை ஊரெல்லாம் புகழும். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டுவித்த கோயில். எனக்கு அன்றைக்குக் காற்றின் அருமையைப் பற்றி ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நிற்காமல் போனோம்.

தென்காசிக்கு அப்பால் சாலை நேர் மேற்கே திரும்புகிறது. காற்று நேர் முகத்தில். கூடவே குற்றாலத்துச் சாரல், பன்னீர் தெளிப்பதுபோல் வந்து விழுந்தது. சாலையோரம் முழுவதும் நெல் வயல். காற்றில் பயிர் புரண்டு புரண்டு எழுந்தது. சிரமத்தின் நடுவிலும் 'எவ்வளவு அழகு!' என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செங்கோட்டை வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டவர். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் இந்த ஊர் திருவிதாங்கூர் சீமையோடு சேர்ந்திருந்தது. எல்லை மாறிற்று, காற்று மட்டும் அன்றும் இன்றும் சுங்கம் கட்டாமல் வந்துபோகிறது.

புளியரையில் வயல் முடிகிறது, மலை தொடங்குகிறது. கோட்டைவாசல் வரையில் வளைந்து வளைந்து ஏறவேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. அவற்றோடு ஒப்பிட்டால் கோட்டைவாசல் ஏற்றம் ஒரு குழந்தை. ஏறும் உயரம் சில நூறு அடிகள்தான். ஆனால் தேவதானத்துக்காரர்களுக்கு எட்டிப் பிடிக்கக்கூடிய மலை இதுதான்.

இங்கே ஓர் அதிசயம். வளைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. மரங்கள் இரு பக்கமும் நெருங்கி நின்றன. ஐந்து மணி நேரம் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் ஓய்ந்ததும் என் மூச்சின் சத்தம் எனக்கே பயமாயிருந்தது. ஒரு சுற்றுக்கு ஏழு அடி. இன்னொரு சுற்றுக்கு இன்னொரு ஏழு அடி. எங்கள் பக்கத்தில் லாரிகளும் முனகிக்கொண்டு, ஏறக்குறைய எங்கள் வேகத்திலேயே ஏறின. ஒரு கிளீனர் பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், பின்னாலே பிடிச்சுக்கிடுங்க!" என்றான். மருமகள் திரும்பிப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

பாதி ஏற்றத்தில் என் வலது தொடையில் நரம்பு இழுத்துக்கொண்டது. வண்டியிலிருந்து இறங்கினேன் என்று சொல்வது மரியாதை. விழவில்லை என்று சொல்வது உண்மை. மைல்கல் மேல் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு. "நான் இங்கேயே இருக்கிறேன். நீ மட்டும் போய்விட்டு வா" என்றேன்.

"நீங்கள் வராவிட்டால் அம்மா ஒப்புக்கொள்ளமாட்டாள், மாமா."

"அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் எதிரே குந்தி உட்கார்ந்து தொடையை அமுக்கிவிட்டாள். பிறகு எழுந்து நின்று, என் வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "நடங்கள். நடப்பதற்கு விதியில் தடை இல்லை. வண்டியை நான் தள்ளுகிறேன்" என்றாள். தன் வண்டியை ஒரு கையிலும் என் வண்டியின் சீட்டை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். சீட்டை அவள் பிடித்த மாதிரியைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் இருந்தது. "கொடு, நானே தள்ளுகிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

கோட்டைவாசலுக்கு அப்பால் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஆரியங்காவில் சாஸ்தா கோயில் சாலையிலிருந்து பள்ளத்தில் இருக்கிறது. நடை சாத்தியிருந்தது, மேலே நின்றபடியே கும்பிட்டோம். வருஷந்தோறும் மார்கழியில் மதுரைச் சௌராஷ்டிர மக்கள் சம்பந்தி முறையில் வந்து இங்கே திருக்கல்யாணம் நடத்துவார்கள். அந்தச் சம்பந்திகள் வந்த வழியில்தான் நாங்களும் வந்திருந்தோம். எங்களுக்குச் சம்பந்தி மரியாதையாக ஒரு கடையில் கட்டஞ்சாயாவும் நேந்திரம்பழமும் கிடைத்தன.

திரும்பின பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் அடித்த காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளிற்று. புளியரை இறக்கத்தில் பிரேக்கை விடவில்லை; மழையில் நனைந்த வளைவுகளில் முந்திப் போனவர் யாரும் புத்திசாலி அல்லர். குற்றாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தோம்; அருவிச் சத்தம் கேட்டது; அருவிக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்ததும் குளிக்கும் ஆசை போய்விட்டது. காலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்த தென்காசிச் சாலையை மாலையில் இரண்டு மணி நேரத்தில் கடந்தோம். புளியங்குடிக்கு அப்புறம் நான் ஒரு மைல் தூரம் முன்னால் ஓட்டினேன். காற்று பின்னாலிருந்து வருவதால் முன்னால் ஓட்டுவதில் யாருக்கும் உபயோகமில்லை என்று மருமகள் சொன்னாள். ஆனாலும் ஓட்டினேன்.

நாலு மணி ஐம்பது நிமிஷத்துக்குத் தேவதானம் வந்தோம். வாசலில் அக்காள் நின்றாள். பெரியவரும் திண்ணையில் இருந்தார். மருமகள் வண்டியிலிருந்த மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"எட்டுக் கிலோமீட்டர் குறைகிறது."

"நூற்றுத் தொண்ணூற்றிரண்டு போதாதா?" என்றாள் அக்காள்.

"போதாது, அம்மா."

சாஸ்தா கோயில் ரஸ்தாவில் போகலாம் என்றால், பொழுது சாயும் நேரத்தில் மாந்தோப்புக்கு யானை இறங்கும். சேத்தூர்ப் பக்கம் நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் கணக்குச் சரியாகும். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் நிபந்தனை என்னவென்பதும் மறக்கவில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அவன் உட்காரட்டும். நீ போய்விட்டு வா" என்றாள் அக்காள்.

மருமகள் ஒரு கணம் நின்றாள், பிறகு போய்விட்டாள். அக்காள் தெரு நடுவில் வந்து நின்றாள். நான் நீராகாரம் குடித்தேன். பெரியவர் வெற்றிலை மென்றார். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கிறதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்து மணி பதினைந்து நிமிஷத்துக்கு முனையில் மணிச் சத்தம் கேட்டது.

அவள் இறங்கினதும் அக்காள் வண்டியை வாங்கினாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். படியில் இடிபடாமல் தூக்கி உள் திண்ணையில் சார்த்தினாள்; முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். "எந்தத் தேதியில் அந்த யாத்திரை?" என்று கேட்டாள்.

மருமகள் தேதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். குனிந்து சங்கிலியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாரலில் நனைந்திருக்கிறது. துடைத்து எண்ணெய் விடு. நாளைக்கு வேலைக்குப் போகவேண்டாமா?"